சீரியல் லைனில் தகராறு: வயரைத் தொடுவதா, புரோகிராமைத் தொடுவதா?

இரண்டு போர்டுகள் வயரில் பிட் பிட்டாகப் பேசிக்கொள்வதுதான் சீரியல். வந்ததைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் குப்பை எழுத்து வந்ததும் புதியவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: புரோகிராமில் ஒரு டிலே சேர்ப்பார்கள். அது பலிக்காவிட்டால் டிலேயைக் கூட்டுவார்கள். அப்புறம் லைப்ரரியை மாற்றுவார்கள், அப்புறம் போர்டையே மாற்றுவார்கள். தப்பு வயரிலா புரோகிராமிலா என்று மட்டும் யாரும் முதலில் பார்ப்பதில்லை.

அதைப் பார்க்கும் வரிசைதான் கீழே இருக்கிறது. உதாரணத்துக்கு ஏடிமெகா328பி சிப்பை எடுத்துக்கொள்கிறேன், அதாவது ஆர்டுயினோ யூனோ, நானோவில் இருப்பது. வேறு சிப் வைத்திருந்தால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

முடிவைத் தீர்மானிக்கிற கேள்வி ஒன்றே ஒன்று: வாங்கும் சிப்பின் காலில் வந்து சேரும் பிட்டுகள் சரியாக இருக்கின்றனவா? சரியில்லை என்றால் முதலில் ஹார்டுவேர். பிட் சரி, ஆனால் பைட் காணோம் என்றால் சாஃப்ட்வேர். இதில் விதிவிலக்குகளும் உண்டு, அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர், எட்டு சேனல் கொண்ட மலிவான 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் (வயரில் ஓடும் பிட்டுகளைப் படமாகக் காட்டுவது), 3.3 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் மாற்றிக்கொள்ளக் கூடிய யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் (கம்ப்யூட்டரின் யுஎஸ்பி-யைச் சிப்பின் சீரியல் கால்களோடு இணைப்பது). இவற்றோடு 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 120 ஓம் ரெசிஸ்டர்கள் கொஞ்சம், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்று போனால் எல்லாம் கிடைத்துவிடும். அனலைசருக்குப் பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம்.

இரண்டு பக்கச் சிப்புகளின் டேட்டாஷீட்டையும் திறந்து வையுங்கள். ஒரு பக்கத்துடையது மட்டும் போதாது, ஏனென்றால் சீரியலில் தகராறு பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒரு எச்சரிக்கை: அனலைசர் 0, 1 மட்டும்தான் காட்டும், வோல்டேஜைக் காட்டாது. மலிவு அனலைசர்கள் 2 வோல்ட்டைத் தாண்டினாலே அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி-க்கோ சப்ளையில் 0.6 பங்கு, அதாவது 3 வோல்ட் வேண்டும். அதனால் "அனலைசரில் சரியாகத் தெரிகிறதே" என்பதை மட்டும் வைத்து ஹார்டுவேரை விடுவித்துவிடாதீர்கள்.

2. தப்பு எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

அனுப்பும் பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'யு'வை மட்டும் விடாமல் அனுப்பச் சொல்லுங்கள். அதன் பிட்டுகள் 0, 1, 0, 1 என்று மாறி மாறி வருபவை. ஒவ்வொரு பைட்டின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் இரண்டும் சேர்ந்தால் வயரில் ஒரே சீரான சதுர அலை ஓடும், அளப்பதற்கு இதைவிட வசதியானது கிடையாது. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) என்றால் ஒவ்வொரு பிட்டும் 104 மைக்ரோ நொடி, 115200 என்றால் 8.68 மைக்ரோ நொடி.

வாங்கும் பக்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே தப்பான எழுத்து என்றால் பாட் ரேட் தப்பு, அல்லது கடிகாரம் விலகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பை என்றால் கிரவுண்ட், வோல்டேஜ், இரைச்சல் இவற்றில் ஒன்று. எழுத்துகள் சரியாக இருந்து நடுவில் சில மட்டும் காணாமல் போனால் அநேகமாக பஃபர் (வந்த பைட்டுகள் எடுக்கப்படும்வரை காத்திருக்கும் இடம்) அல்லது இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு சிப் உடனே கவனிக்கும் அழைப்பு). எதுவுமே வரவில்லை என்றால் புரோகிராம் பக்கமே போகாதீர்கள், நேராக அடுத்த படி.

3. கிரவுண்ட், குறுக்கு இணைப்பு, வோல்டேஜ்

இந்த மூன்றும் இதே வரிசையில். மலிவானதும் சீக்கிரம் முடிவதும் முதலில்.

கிரவுண்ட்: இரண்டு போர்டின் கிரவுண்டும் ஒரு வயரால் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே லேப்டாப்பின் யுஎஸ்பி-யில் இருக்கும்வரை அது தானாகச் சேர்ந்திருக்கும். ஒன்றை பேட்டரிக்கு மாற்றிய அன்றைக்குத்தான் குப்பை வர ஆரம்பிக்கும், நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று புரோகிராமைக் குடைவார்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரண்டு கிரவுண்டையும் தொட்டால் விஷயம் முடிந்தது.

குறுக்கு இணைப்பு: ஒன்றின் டிஎக்ஸ் (அனுப்பும் கால்) மற்றதன் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் கால்) போக வேண்டும். சில மாட்யூல்களில் அச்சடித்த பெயர் மாட்யூலின் சொந்தக் காலைக் குறிக்காமல் எதிரே இருப்பவரின் காலைக் குறிக்கும். சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள்: சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் கால் முழு வோல்டேஜில் நிற்கும்.

வோல்டேஜ்: இங்கேதான் "வேலை செய்கிறதே" என்ற பேச்சு அதிகம். 5 வோல்ட் யூனோவின் டிஎக்ஸை 3.3 வோல்ட் இஎஸ்பி32-வின் ஆர்எக்ஸில் நேரடியாகச் செருகினால் சில நாள் ஓடவும் செய்யும், ஆனால் அந்தக் காலுக்கு அது அனுமதித்த அளவு இல்லை. 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் வைத்து வோல்டேஜைப் பங்கிட்டுக் குறைக்கும் ஒரு டிவைடர் போட்டால் 3.33 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 2 கிலோ ஓம் கையில் இல்லை என்றால் 1 கிலோ ஓம் இரண்டை வரிசையாகப் போடுங்கள்.

எதிர்த் திசையில் 3.3 வோல்ட் வந்து யூனோவுக்குள் நுழைகிறது என்றால், தேவையான 3 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் வெறும் 0.3. மேசையில் ஓடும், மோட்டார் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் ஓடாது. 74எச்சிடி125 மாதிரி ஒரு பஃபர் சிப் (இது பைட் சேமிக்கும் பஃபர் அல்ல) 2 வோல்ட்டையே 1 என்று எடுத்துக்கொண்டு 5 வோல்ட்டாகத் தரும். இதற்கு சாஃப்ட்வேரில் மாற்று கிடையாது.

ஆர்எஸ்-232 போர்ட் உள்ள பழைய கருவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே லாஜிக் தலைகீழ், வோல்டேஜும் மைனஸ் 15 வரை போகலாம். சாதாரணக் கால்களையே சீரியலாக்கும் சாஃப்ட்வேர்சீரியல் லைப்ரரியில் தலைகீழாகப் படிக்கும் வசதி இருப்பதைப் பார்த்துவிட்டு "சிப் எதற்கு" என்று நேரடியாகச் செருகுகிறார்கள். பிட்டைத் திருப்பலாம், வோல்டேஜைப் புரோகிராமால் திருப்ப முடியாது. நடுவில் வோல்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்232 சிப்பைப் போடுங்கள்.

4. அனுப்பும்போது சப்ளை விழுகிறதா

சிம்800எல் மாதிரி ஜிஎஸ்எம் மாட்யூல்களில் இதுதான் முதல் சந்தேகம். நெட்வொர்க்குடன் பேசும் கணங்களில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒவ்வொரு இழுப்பும் அரை மில்லி நொடிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மல்டிமீட்டர் இதைப் பிடிக்காது, சராசரியைக் காட்டிவிட்டு 4 வோல்ட் சரியாக இருக்கிறது என்று சொல்லும். மாட்யூலோ 3.4-க்குக் கீழே இறங்கி ரீசெட் ஆகியிருக்கும்.

சீரியல் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது பாதி பதில், திடீர் மௌனம், அப்புறம் மறுபடி தொடக்கச் செய்தி என்று தெரியும். அச்சு அசலாக சாஃப்ட்வேர் தப்பு போலவே இருக்கும், அதனால்தான் டிலேவுக்கு மேல் டிலேயாகச் சேர்க்கிறார்கள். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை மாட்யூலின் சப்ளைக் காலுக்கு ஒட்டினாற்போல் வைத்து, பிரெட்போர்டின் மெல்லிய ஜம்பருக்குப் பதில் குட்டையான தடித்த வயர் போட்டுவிட்டு, அதன்பின் புரோகிராமைப் பாருங்கள்.

5. லூப்பேக்: பாதியை வெட்டிவிடுங்கள்

அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஜம்பரால் சேர்த்து, டெர்மினலில் தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்தால் கம்ப்யூட்டர், டிரைவர், கேபிள், அடாப்டர் நான்கும் சந்தேகப் பட்டியலில் இருந்து போய்விடும். இது பாட் ரேட்டைச் சோதிக்காது என்பதை மறக்காதீர்கள். ஒரே கடிகாரம் தன்னோடு தானே பேசுகிறது, தப்பான வேகத்திலும் ஒத்துப்போகும்.

யூனோவில் 0-ஆம் கால் யுஎஸ்பி சிப்புக்கும் போகிறது. அதில் மாட்யூலைச் செருகி வைத்துக்கொண்டு அப்லோட் ஆகவில்லை என்பவர்களுக்கு விடை: அந்த வயரை எடுத்துவிட்டு அப்லோட் செய்யுங்கள்.

6. சிப்பையே கேளுங்கள்

பலருக்குத் தெரியாத படி இது. முடிவை எடுத்துக் கொடுப்பதும் இதுதான். ஏடிமெகா328பி-யின் யுசிஎஸ்ஆர்0ஏ ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் சீரியலின் நிலையைக் காட்டும் ஒரு பைட்) இரண்டு கொடிகள் உண்டு. எஃப்இ0 என்பது ஸ்டாப் பிட் வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்று சொல்லும். டிஓஆர்0 என்பது முந்தைய பைட்டுகளை நீங்கள் எடுப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்துவிட்டது என்று சொல்லும்.

ஆர்டுயினோவின் சீரியல் நூலகம் இந்த இரண்டையும் கண்டுகொள்வதில்லை. அதனால் தற்காலிகமாக அதை எடுத்துவிட்டு, உங்கள் மற்ற வேலைகள் வழக்கம்போல் ஓட, சொந்தமாக ஒரு சின்ன இன்டரப்ட் ரொட்டீன் எழுதுங்கள். முதலில் யுசிஎஸ்ஆர்0ஏ-வைப் படித்து, அப்புறம் வந்த பைட் இருக்கும் யுடிஆர்0-ஐப் படிக்க வேண்டும். வரிசை மாறினால் கொடி அடுத்த பைட்டுடையதாக மாறிவிடும். எஃப்இ0 வந்தால் ஒரு எல்இடி, டிஓஆர்0 வந்தால் இன்னொரு எல்இடி.

எஃப்இ0 எரிந்தால் வயர் அல்லது கடிகாரம், 7-ஆம் படி. டிஓஆர்0 எரிந்தால் யாரோ இன்டரப்டை நீண்ட நேரம் மூடி வைக்கிறார்கள், 8-ஆம் படி. இரண்டும் எரியவில்லை, ஆனால் பழைய புரோகிராமில் பைட் போகிறது என்றால் நூலகத்தின் பஃபர் நிரம்பி வழிகிறது, அதுவும் 8-ஆம் படி.

7. கடிகாரக் கணக்கு

சீரியலில் கடிகார வயர் கிடையாது. ஒவ்வொரு பைட்டின் ஸ்டார்ட் பிட்டிலும் வாங்குபவர் தன் கணக்கைப் புதிதாகத் தொடங்கி, ஸ்டாப் பிட் வரை அனுமானத்தில் எண்ணுகிறார். ஒரு பைட்டுக்குள் விலகல் சேர்ந்துகொண்டே போகும், கடைசி பிட்டுகள்தான் முதலில் கெடும். இரண்டு பக்கமும் சேர்ந்து 4, 5 சதவீதம் விலகினால் கதை முடிந்தது. ஏடிமெகா328பி-யின் டேட்டாஷீட் வாங்கும் பக்கத்துக்குப் பரிந்துரைப்பது 8 பிட் டேட்டாவுக்கு 2 சதவீதம், இரட்டை வேக முறையில் 1.5.

இப்போது கணக்கைப் போடுங்கள். யூனோவின் கடிகாரமான 16 மெகாஹெர்ட்ஸை 16-ஆல் வகுத்து, வருவதை மீண்டும் ஒரு முழு எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையான பாட் ரேட். 115200 வேண்டுமென்றால் 9-ஆல் வகுக்கலாம், கிடைப்பது 111111, அதாவது 3.5 சதவீதம் குறைவு. இரட்டை வேக பிட்டை இயக்கினால் 117647, 2.1 சதவீதம் கூடுதல். ஆர்டுயினோ பெரும்பாலும் இந்த இரண்டாவதையே எடுப்பதால் மேசையில் ஓடிவிடுகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் 2 சதவீதம் குறைவான ஒரு மாட்யூல் வந்தால் அன்றைக்குத் தொல்லை.

தப்பு கடிகாரம் என்ற ஹார்டுவேரில் இருந்தாலும் சரியான தீர்வு சாஃப்ட்வேரில் இருக்கும் இடம் இது. இரண்டு முனையும் உங்கள் கையில் என்றால் வேகத்தை மாற்றுங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் 38400-க்கும் 76800-க்கும் விலகல் வெறும் 0.2 சதவீதம், 250000-க்கு சுத்தமாகப் பூஜ்யம். ஏவிஆர் (ஏடிமெகா குடும்பச் சிப்) போர்டு உள்ள 3டி பிரின்டர்களில் 250000 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

எதிர்முனை 115200-ஐத் தவிர வேறெதுவும் பேசாது என்றால் சிப்புக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலை மாற்ற வேண்டும். 14.7456 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் 115200 அப்படியே வந்து உட்காரும். ஆனால் புரோகிராமில் கடிகார வேகத்தையும் மாற்றிச் சொல்ல வேண்டும், மில்லிஸ் முதலான நேரக் கணக்குகளையும் சரிபார்க்க வேண்டும்.

கிரிஸ்டலே இல்லாமல் உள் ஆசிலேட்டரில் ஓட்டுபவர்கள் கவனியுங்கள்: தொழிற்சாலை அளவீட்டில் அது 10 சதவீதம் வரை விலகலாம். அதன் வேகத்தை அமைக்கும் ஓஎஸ்சிகால் ரெஜிஸ்டரைத் திருத்தி 1 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம் என்பது உண்மை, ஆனால் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், வெயிலில் வைத்தால் மறுபடி நகரும். ஒன்றிரண்டு சிப்புக்கு ஓஎஸ்சிகால் சரி. வெளியில் வைக்கும் கருவிக்கு, கிரிஸ்டல்தான்.

8. பைட் காணாமல் போனால்

ஆர்டுயினோவின் வாங்கும் பஃபர் 64 பைட். 9600-இல் அது சுமார் 67 மில்லி நொடியில் நிரம்பும், 115200-இல் ஐந்தரை மில்லி நொடியில். ஒரு ஜிபிஎஸ் வாக்கியம் 82 எழுத்து வரை வரலாம், அதாவது ஒரே வாக்கியம் பஃபரைவிடப் பெரியது. லூப்பில் ஒரு நொடி டிலே வைத்துவிட்டு ஜிபிஎஸ் மாட்யூலைக் குறை சொல்பவர்கள் ஏராளம். மாட்யூலை மாற்றினாலும், வயரைக் குட்டையாக்கினாலும் ஒன்றும் மாறாது. டிலேக்களை எடுத்து, மில்லிஸ் பார்த்து வேலை செய்யும்படி லூப்பை மாற்றுவதே தீர்வு. பஃபரை 256 ஆக்கலாம், ஆனால் மொத்த ரேம் 2048 பைட்தான்.

டிஓஆர்0 எரியும் வகை வேறு. அங்கே சிப்புக்குள்ளேயே இடமில்லை: ஹார்டுவேரில் இரண்டு பைட்டும், உள்ளே வந்துகொண்டிருக்கும் ஒன்றும், அவ்வளவுதான். டிஎச்டி11 சென்சாரைப் படிக்கும் லைப்ரரிகள் சுமார் 4 மில்லி நொடி இன்டரப்டை மூடிவிடும். 115200-இல் அந்த நேரத்தில் 46 பைட் வந்து போயிருக்கும். டபிள்யூஎஸ்2812 எல்இடி-களுக்கு நிறம் அனுப்பும்போதும் இன்டரப்ட் மூடியிருக்கும்: ஒவ்வொன்றுக்கும் 30 மைக்ரோ நொடி, 60 எல்இடி என்றால் 1.8 மில்லி நொடி.

முதலில் சாஃப்ட்வேரில் முயலுங்கள். ஜிபிஎஸ் ஒரு நொடிக்கு ஒருமுறை மொத்தமாகக் கொட்டிவிட்டு அமைதியாகும், அந்த அமைதியில் சென்சாரையும் எல்இடி-யையும் கவனித்தால் போதும். எதிர்முனை எப்போது பேசும் என்று தெரியாத நிலை என்றால் புரோகிராமில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் ஓட்டை இருக்கும். அப்போது ஹார்டுவேரை மாற்றுங்கள்: இஎஸ்பி32-வின் யுஆர்ட்டில் (சிப்புக்குள் சீரியலைக் கவனிக்கும் பகுதி) 128 பைட் ஹார்டுவேர் பஃபர் இருக்கிறது, எஸ்டிஎம்32-வில் பைட்டுகளைத் தானாகவே நினைவகத்தில் சேர்க்கும் டிஎம்ஏ இருக்கிறது.

சாஃப்ட்வேர்சீரியல் பற்றி ஒரு வார்த்தை. அதுவே இன்டரப்டை மூடும் ஆசாமி. 9600-இல் ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி நொடி மூடுகிறது, அனுப்பும்போது வாங்காது. இரண்டாவது சீரியல் போர்ட் உண்மையிலேயே தேவை என்றால், நான்கு யுஆர்ட் உள்ள மெகா2560-க்குப் போவது கிட்டத்தட்ட எப்போதும் மலிவு, உங்கள் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால்.

9. ரீசெட்டும் ஆர்எஸ்-485-உம்

மின்சாரம் கொடுத்ததும் முதலில் ஒரு குப்பை எழுத்து, அப்புறம் எல்லாம் சரி: இது அடிக்கடி கேட்கும் புகார். ரீசெட்டில் இருக்கும் சிப்பின் கால்கள் எல்லாம் மிதக்கும் (0 என்றோ 1 என்றோ உறுதியாக நிற்காது), டிஎக்ஸும்தான். உங்கள் புரோகிராம் ஓடவே தொடங்காத நேரத்தில் நடப்பதைப் புரோகிராமால் தடுக்க முடியாது. வாங்கும் பக்கத்தில் ஆர்எக்ஸில் இருந்து அந்தப் பக்கத்துச் சப்ளைக்கு 10 கிலோ ஓம் புல்-அப் போடுங்கள்.

பல போர்டுகள் ஒரே ஜோடி வயரை, அதாவது ஒரு பஸ்ஸைப் பகிரும் ஆர்எஸ்-485-இல் இதே விஷயம் பெரிதாகும். அதற்கான மேக்ஸ்485 சிப்பில், அனுப்புவதை இயக்கும் டிஇ கால் மிதந்தால், ரீசெட்டில் இருக்கும் ஒரே ஒரு போர்டு மொத்த பஸ்ஸையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். டிஇ காலில் இருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் புல்-டவுன் கட்டாயம்.

அங்கே கடைசி பைட் மட்டும் கெடுகிறது என்றால் அது சாஃப்ட்வேர். கடைசி பைட்டை யுஆர்ட்டிடம் கொடுத்தவுடன் டிஇ-யை இறக்கிவிடுகிறீர்கள், ஆனால் அது இன்னும் ஷிப்ட் ரெஜிஸ்டரில் இருந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அனுப்பி முடிந்ததைச் சொல்லும் டிஎக்ஸ்சி0 கொடி வரும்வரை காத்திருங்கள், ஆர்டுயினோவில் ஃப்ளஷ் அதைத்தான் செய்கிறது. டிலே போட்டுச் சமாளித்தால் பாட் ரேட்டை மாற்றும் நாளில் மறுபடி உடையும்.

யாரும் பேசாதபோது குப்பை வந்தால் அது ஹார்டுவேர். இரு முனையிலும் 120 ஓம் போட்டால் லைனுக்குக் குறுக்கே 60 ஓம், ஓய்வில் ஏ, பி என்ற இரண்டு வயருக்கும் இடையே வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யம். மேக்ஸ்485 உறுதியாக 1 என்று சொல்ல 200 மில்லிவோல்ட் வேண்டும். ஏ-வை 5 வோல்ட்டுக்கும் பி-யை கிரவுண்டுக்கும் தலா 560 ஓமால் இழுத்தால் சுமார் 254 மில்லிவோல்ட் கிடைக்கும். இதை பஸ்ஸில் ஒரே இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

டிஇ-யையும் வாங்குவதை இயக்கும் ஆர்இ-யையும் சேர்த்துக் கட்டியிருந்தால், அனுப்பும் நேரத்தில், வந்ததை உங்கள் சிப்புக்குத் தரும் ஆர்ஓ கால் மிதக்கும், உங்கள் ஆர்எக்ஸில் குப்பை சேரும். இதற்கு ரெசிஸ்டர் தேட வேண்டாம், சிப்பின் உள் புல்-அப்பை இயக்கினால் போதும். யுஆர்ட் ஓடும்போதும் ஏடிமெகா328பி அதை அனுமதிக்கிறது.

10. சிஆர்சி-யும் மறு அனுப்பலும் கடைசியில்

சிஆர்சி (வந்த பாக்கெட் கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் கிரவுண்ட் சரியில்லாத லைனில் முதலிலேயே அதைப் போடுவது ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளி வைப்பது மாதிரி. ஐந்து முறை மறுபடி அனுப்பி ஆறாவதில் போய்ச் சேர்ந்துவிடும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நம்புவீர்கள். முதல் ஒன்பது படிகளும் முடிந்தபின் சேருங்கள், சேர்க்கும்போதே எத்தனை முறை தவறியது என்று எண்ணும் ஒரு கவுன்டரையும் வையுங்கள். அந்த எண் ஏற ஆரம்பித்தால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

11. போர்டு ஏற்கெனவே அச்சாகிவிட்டதா

மேலே சொன்னதெல்லாம் பிரெட்போர்டு நிலைக்கு. நூறு போர்டு அச்சாகி வெளியே போய்விட்டால் கணக்கு வேறு. அப்போது பாட் ரேட்டைக் குறைப்பது, பாக்கெட்டுகளுக்கு இடையே இடைவெளி விடுவது, முதல் குப்பை பைட்டைத் தூக்கி எறிவது எல்லாம் நியாயமான தீர்வுகளே, அவற்றைச் செய்ய வெட்கப்பட வேண்டாம். புரோகிராமில் ஏன் செய்தோம் என்று ஒரு வரி எழுதி, அடுத்த போர்டு வரைபடத்தில் விட்டுப்போன ரெசிஸ்டரையும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகை இல்லை: அனுமதித்த அளவைத் தாண்டிய வோல்டேஜ், போதாத சப்ளை. முன்னது மெதுவாக சிப்பைத் தின்னும், பின்னது எப்போது கை விடும் என்று சொல்ல முடியாது. போர்டைத் திரும்ப வாங்கித்தான் ஆக வேண்டும்.

12. சரியானதா என்று பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரெசிஸ்டரையும் போட்டு பாட் ரேட்டையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

சரியானதும் அந்த மாற்றத்தை எடுத்துப் பாருங்கள், பழைய தப்பு திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் நீங்கள் தொட்டபோது ஏதோ ஒரு ஜம்பர் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். 9600-இல் எட்டு மணி நேரத்துக்கு சுமார் 2.76 கோடி பைட் போகும். விடுபட்ட எண்களை மறுமுனை எண்ணட்டும். அதையே லேப்டாப் சார்ஜரைக் கழற்றி ஒரு முறை, மோட்டாரோ ரிலேயோ பக்கத்தில் ஓடும்போது ஒரு முறை, கடைசியாகக் கருவி நிற்கப்போகும் இடத்தில், அங்கே போடப்போகும் அதே நீளக் கேபிளோடு ஒரு முறை செய்து பாருங்கள்.